பூஞ்சணமும் நுண்ணலை அடுப்பும்

ஊறுகாய் ஜாடியின் வாயில் வெண்பஞ்சு போலப் படரும் பூசணத்தை அறியாத வீடு நம் நாட்டில் இராது. மழைக்காலத்தில் தோற்செருப்பின்மீதும், பெட்டியில் மடித்து வைத்த துணியின்மீதும் அது பூக்கிறது. நூல்களில் பூஞ்சணம் என்றும், வழக்கில் பூசணம் என்றும் கூறப்பெறும் இவ்வுயிரினம் ஜாடியோடும் செருப்போடும் நின்றுவிடுவதில்லை. மருத்துவரின் கருவியிலும் அது குடியேறுகிறது. அக்கருவியின் வழியே நோயாளியின் உடலுக்குள் புகுகிறது. நலமுள்ள உடல் பெரும்பாலும் அதைப் பொருட்படுத்துவதில்லை. நோயால் தளர்ந்த உடலிலோ, குருதியிற் கலந்துவிடுமானால் உயிருக்கே உலை வைத்துவிடும். இதனைக் கருவிகளினின்றும் அகற்றுவதற்கு மனிதன் கையாண்ட வழிகளுள் புதுமையானது நுண்ணலை முறை. பெரும் நம்பிக்கையோடு வரவேற்கப்பெற்று, பின்னர் ஒரு சிறு மூலையில் அமர்ந்துவிட்ட அம்முறையின் வரலாற்றை இங்கே காண்போம்.

நோய்க்கு நுண்ணுயிர் காரணமாகும் என்பதை முதன்முதலில் மெய்ப்பிக்க உதவியது பூஞ்சணமே என்பது பலர் அறியாத செய்தி. இத்தாலியில் லோடி நகரை அடுத்து வாழ்ந்த அகஸ்டினோ பாஸி என்பவர் சட்டம் பயின்றவர், கண்பார்வை குன்றியவர். அந்நாட்டுப் பட்டுப்புழுக்கள் வெள்ளைப் பொடி பூத்து, சுண்ணாம்புக்கட்டி போல இறுகி மடிந்தன. வளர்ப்போர் காற்றைக் குறை கூறினர், இலையைக் குறை கூறினர். பாஸி 1807-ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ 25 ஆண்டுகள் இந்த ஒரே நோயை ஆராய்ந்தார். புழுவின் உடலினுள் வளரும் ஒரு பூஞ்சணமே அதற்குக் காரணம் என்றும், அது தொற்றிப் பரவுவது என்றும் 1835-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார். வளர்ப்பறையையும் அங்கு புழங்கும் சாமான்களையும் தூய்மை செய்யாமல் நோயை ஒழிக்க இயலாது என்று வற்புறுத்தினார். கருவியின் தூய்மையும் பூஞ்சணமும் வரலாற்றில் சேர்ந்து நின்ற முதற்காட்சி இதுவெனலாம். மருத்துவமனையில் அன்று, பட்டுப்புழுக் கொட்டகையில்.

அடுத்த சில ஆண்டுகளுக்குள், மனிதரின் தலையில் தோன்றும் ஒருவகைச் சொறிக்குப் பூஞ்சணமே காரணம் என்று ஷோன்லைன் என்ற ஜெர்மானிய மருத்துவர் கண்டார். ஹங்கேரியில் பிறந்து பாரிஸில் தொழில் நடத்திய டேவிட் குரூபி, குழந்தைகளின் வாயில் தோன்றும் வெண்புண்ணிலும் ஒரு பூஞ்சணத்தைக் காட்டினார். அதனையே இன்று ‘காண்டிடா’ என்கிறோம். ராபர்ட் கோக் அடைப்பான் நோயின் பாக்டீரியாவை 1876-இல் விளக்குவதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் முன்னரே இவை நடந்தன. எனினும் கோக்கின் புகழ் பரவிய பின்னர் மருத்துவ உலகின் கண் முழுவதும் பாக்டீரியாக்களின்பாற் சென்றது. காசம், வாந்திபேதி போன்ற பெருங்கொடுமைகளை விட்டுப் பூசணத்தைக் கவனிக்க எவருக்கு நேரம் இருந்தது? மூத்த குற்றவாளி மறக்கப்பட்டான்.

இம்மறதியால் உடனே தீங்கு விளையவில்லை. அதற்கும் காரணம் உண்டு. சில பாக்டீரியாக்கள் துன்பக் காலத்தில் தம்மைச் சுற்றி ஓர் அரண் எழுப்பிக்கொண்டு வித்துருவில் உறங்கும். அவ்வித்து கொதிநீரிலும் சாகாது என்பதை 1870-களில் ஃபெர்டினாண்ட் கோனும் ஜான் டிண்டலும் காட்டினர். ஆகவே அதனையும் கொல்லும் வழி தேடப்பட்டது. பாஸ்டரின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய சார்ல்ஸ் ஷாம்பெர்லாண்ட் 1879-இல் அழுத்த நீராவிக் கொப்பரையை அமைத்தார். டெனிஸ் பாப்பின் என்பவர் எலும்பை வேகவைப்பதற்கென்று 1679-இல் செய்த இறுக்கமூடிய பாத்திரமே அதற்கு மூதாதை. நம் அடுக்களைப் பிரஷர் குக்கரும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். 1880-களின் பிற்பகுதியில் பெர்லினில் பெர்க்மனும் அவருடைய உதவியாளர் ஷிம்மல்புஷ்ஷும் அறுவைக்கான கட்டுத்துணிகளை நீராவியால் தூய்மை செய்வதை மருத்துவமனையின் நியமமாக்கினர். லிஸ்டர் 1867-இல் அறிமுகப்படுத்திய கார்பாலிக் அமிலத்தின் காலம் படிப்படியாக முடிவுற்றது. 121 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள நீராவியில் 15 நிமிடம் வைத்தால் பாக்டீரிய வித்தும் மடியும். பூஞ்சணங்களுள் பெரும்பாலானவை ஈரமான வெப்பத்தில் 60, 70 டிகிரியிலேயே சில நிமிடங்களில் மடிவன. யானைக்கு வெட்டிய குழியில் முயல் தப்புமா? பூஞ்சணத்தை எவரும் தனியே எண்ணாதபோதும் அது செத்துக்கொண்டுதான் இருந்தது.

‘ஈரமான வெப்பம்’ என்றேன். இச்சொல்லை நேயர்கள் சற்று நினைவில் இருத்த வேண்டும். பின்னர் வரும் வழக்கு முழுவதும் இதையே சுற்றி நிற்கிறது. 1881-இல் கோக்கும் அவருடைய தோழர்களும் உலர்ந்த சூட்டையும் நீராவியையும் ஒப்பிட்டுச் சோதித்தனர். 140 டிகிரி உலர்காற்றில் மூன்று மணி நேரம் கிடந்தால்தான் வித்துக்கள் மடிந்தன. 100 டிகிரி நீராவியிலோ அடைப்பான் வித்துக்கள் சில நிமிடங்களிலேயே மடிந்தன. வெப்பத்தை உயிரணுவின் உட்புறம் வரை கொண்டு சேர்த்து, அதன் புரதத்தை முட்டையின் வெண்கரு போல உறையச் செய்வது நீரே. நீர் இல்லாத இடத்தில் சூடு தன் வேலையை மெல்லத்தான் செய்யும்.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை மாறிற்று. கருவிகள் எஃகும் கண்ணாடியுமாக இருந்தவரை நீராவிக் கொப்பரை போதுமானதாக இருந்தது. பின்னர் ரப்பர் வந்தது, பிளாஸ்டிக் வந்தது, அக்ரிலிக் வந்தது. சிறுநீர்க் குழாய், செயற்கைப் பற்கட்டு, கண்ணில் ஒட்டும் வில்லை ஆகியவற்றுட் பல 121 டிகிரியில் உருக்குலைந்துபோகும். காண்டிடாவோ பிளாஸ்டிக்கின்மீது பசைபோட்டு ஒட்டினாற் போலப் படலமாகப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. மேலும், ஒன்றுக்குமேற்பட்ட பாக்டீரியாக்களைக் கொல்லும் மருந்துகள் 1940-களுக்குப் பின்னர் பெருகவே, அவை ஒழிந்த இடத்தில் பூஞ்சணம் போட்டியின்றித் தழைக்கலாயிற்று. மறக்கப்பட்ட குற்றவாளி மீண்டும் வெளிவந்தான்.

இந்த வேளையில்தான் யுத்தக்களத்திலிருந்து ஒரு புதுக்கருவி சமையலறைக்கு வந்தது. 1940 பிப்ரவரியில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் ராண்டல், ஹாரி பூட் என்னும் இருவர், ஆற்றல் மிக்க குற்றலைகளை எழுப்பும் ‘மாக்னெட்ரான்’ குழலை இயக்கிக் காட்டினர். பகைவிமானங்களைக் கண்டறியும் ராடாருக்கு அதுவே உயிர்நாடி. அவ்வாண்டு செப்டம்பரில் டிஸார்டு தூதுக்குழு அதை அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்றது. அங்கு அக்குழல்களை ஆயிரக்கணக்கில் செய்து குவித்த ரேதியான் கம்பெனியில் பெர்ஸி ஸ்பென்ஸர் என்ற பொறியாளர் இருந்தார். பள்ளிப்படிப்பையும் நிறைவு செய்யாதவர். இயங்கும் மாக்னெட்ரான் அருகே நின்றபோது சட்டைப்பையிலிருந்த இனிப்புப் பண்டம் உருகியதைக் கண்டார் என்றும், பிறகு சோளத்தைப் பொரித்துப் பார்த்தார் என்றும் கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், உணவை இவ்வலைகளால் சமைக்கும் முறைக்கு 1945 அக்டோபரில் அவர் உரிமை கோரி விண்ணப்பித்தது ஆவணத்தில் உள்ளது. 1947-இல் வெளிவந்த முதல் அடுப்பு ஆள் உயரம் நின்றது. ஏறத்தாழ 340 கிலோ எடை. மேசைமீது வைக்கத்தக்க சிறிய அடுப்பு 1967-இல்தான் வந்தது.

மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்னும் உரிமையால் இங்கே இரண்டு சொற்களைப்பற்றிக் கூறவேண்டும். ‘நுண்ணலை’ என்றதும், நுண்ணோக்கியாலன்றிக் காணவொண்ணாத சிறுமை என்று கருத வேண்டா. வானொலி நிலையம் மத்திய அலையில் ஒலிபரப்பும்போது அவ்வலையின் நீளம் நூற்றுக்கணக்கான மீட்டர். அதனோடு ஒப்பிடுமிடத்துத்தான் இது நுண்ணியது. நுண்ணலை அடுப்பில் எழும் அலையின் நீளம் 12 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், அஃதாவது ஏறக்குறைய ஒரு சாண் அளவில் பாதி. இந்தச் சிறு கணக்கு பின்னர் நமக்குப் பயன்படும். மற்றொன்று ‘கதிர்வீச்சு’. இச்சொல்லைக் கேட்டவுடன் அணுவின் நினைவு எழுகிறது. 1974-இல் டிராம்பேயில் நம் அணு ஆராய்ச்சி நிலையம் தொடங்கிய ‘ஐஸோமெட்’ ஆலையில் கோபால்ட்டின் காமாக் கதிர்கள் மருத்துவப் பொருள்களைத் தூய்மை செய்கின்றன. அக்கதிர்கள் உயிரணுவின் மூலக்கூறுகளையே பிளப்பன. நுண்ணலைக்கு அந்த வலிமை கிடையாது. ஒரே சொல்லால் இரண்டையும் குறிப்பதனால் விளைந்த மயக்கம் நம் மொழியில் மட்டும் அன்று, ஆராய்ச்சியாளரிடையேயும் இருந்தது.

நுண்ணலை கிருமியைக் கொல்வது வெப்பத்தாலா, அன்றி வேறு ஏதேனும் மறைபொருளான ஆற்றலாலா என்பதே அந்த வாதம். வெப்பமின்றியே கொல்லுமாயின், உருகும் பிளாஸ்டிக் கருவியையும் குளிர்ந்த நிலையிலேயே தூய்மை செய்துவிடலாம் அல்லவா? மருத்துவ உலகின் ஆசையெல்லாம் அந்த ஒன்றில் தங்கியிருந்தது. 1967-இல் மஸாசூஸட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த கோல்ட்பிலித், வாங் என்னும் இருவர் சாமர்த்தியமான ஒரு சோதனை செய்தனர். பாக்டீரியாக்களைச் சாதாரண வெப்பத்தாலும் நுண்ணலையாலும் சூடேற்றி, எந்த வெப்பநிலையில் எவ்வளவு நேரத்தில் எத்தனை மடிகின்றன என்று கணக்கிட்டனர். இரண்டு கணக்கும் ஒத்தன. பனிக்கட்டியோடு சேர்த்து நுண்ணலையில் வைத்தபோது கிருமிகள் சாகவில்லை. வெப்பந்தான் கொல்கிறது, வேறொன்றும் இல்லை என்பது அவர்கள் முடிவு. 1980-இல் வேறு சிலர், கிருமியின் நொதிகளில் வெப்பத்தால் மட்டும் விளக்க முடியாத மாறுதல்களைக் கண்டதாக எழுதினர். விவாதம் அதனால் நீண்டது. ஆயினும் ஒரு கருவியை மருத்துவர் கையில் கொடுக்கும்போது நம்பி நிற்கத்தக்கது வெப்பம் ஒன்றே என்பதை எவரும் அசைக்கவில்லை.

வெப்பம் பிறக்கும் விதம் எளியது. நீரின் மூலக்கூறு, ஒரு முனையில் நேர்மின்னும் மறுமுனையில் எதிர்மின்னும் சற்றே மிகுந்தது. வீட்டு அடுப்பிலுள்ள அலை 2450 மெகாஹெர்ட்ஸ். அஃதாவது வினாடிக்கு 245 கோடி அதிர்வு. அலை திசைமாறும் ஒவ்வொரு முறையும் நீர் மூலக்கூறு தானும் திரும்ப முயன்று, அண்டையிலுள்ளவற்றோடு மோதுகிறது. அம்மோதலே சூடாகிறது. எனவே நீர் இருக்கும் இடம் கொதிக்கும். நீரற்ற உலர்ந்த பிளாஸ்டிக் பெரும்பாலும் அலையை ஊடுருவவிட்டுச் சும்மா இருக்கும். உலோகமோ அலையைத் திருப்பியடிக்கும், சில வேளைகளில் பொறி பறக்கும். பழைய நீராவிக் கொப்பரையின் உண்மையே இங்கும் வேறு உடையில் வந்து நிற்பதைக் காணலாம். பூஞ்சணத்தைக் கொல்வது நுண்ணலை அன்று. நுண்ணலை சூடேற்றிய நீர்.

இவ்வுண்மையைக் கைக்கொண்டவர்கள் வெற்றி பெற்றனர். 1977-இல் நுண்ணுயிர் ஆய்வுக்கூடக் கழிவுகளையும், 1982-இல் திசு வளர்க்கும் பிளாஸ்டிக் கலங்களையும் நுண்ணலை அடுப்பில் வைத்துச் சோதித்தனர். பல்மருத்துவர்கள்தாம் இதில் எல்லோரினும் ஊக்கமுடையவராய் இருந்தனர். 1985-இல் ரோரர், புலார்டு என்னும் அமெரிக்கர் இருவர், பல் குடையும் கருவிகளையும் பற்கட்டுகளையும் பாக்டீரியாக்களாலும் காண்டிடாவாலும் வேண்டுமென்றே மாசுபடுத்தி, அடுப்பினுள் எல்லாத் திசைகளிலும் சுழலும் ஓர் அமைப்பில் பொருத்தித் தூய்மை செய்து காட்டினர். அச்சுழற்சியில்தான் சூட்சுமம் இருந்தது. அலைகள் அடுப்பின் சுவர்களில் பட்டுத் திரும்பி ஒன்றோடொன்று கலக்கும்போது, சில இடங்களில் வலுத்தும் சில இடங்களில் அவிந்தும் நிற்கும். முன்னர் கூறிய 12 சென்டிமீட்டர்க் கணக்கை நினைவு கூர்க. அதில் பாதி, ஆறு சென்டிமீட்டருக்கு ஓரிடமாகக் குளிர்ந்த மூலைகள் தோன்றும். உணவு சூடு செய்யும்போது ஒரு கவளம் நாக்கைச் சுட, அடுத்த கவளம் ஐஸாக இருப்பது இதனால்தான். சோற்றில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு கருவியின் நுனியில் கடுகளவு இடம் குளிர்ந்து நின்றாலும் அங்கு தங்கிய பூஞ்சணம் பிழைத்துவிடும். கிருமிநீக்கம் என்பதில் முக்கால், அரைக்கால் என்னும் பேச்சுக்கு இடமில்லை. ஒன்று முழுமையாக இருக்கும், இல்லையேல் அது கிருமிநீக்கமே அன்று.

பற்கட்டில் இம்முறை பயனளித்ததற்குக் காரணம் இப்போது விளங்கும். பற்கட்டு அணியும் முதியோர் பலருக்கு, அது படியும் மேல்வாய் சிவந்து புண்ணாகும். அக்ரிலிக்கின் நுண்துளைகளில் காண்டிடா புகுந்து கிடப்பது அதற்கு ஒரு முக்கியமான காரணம். வாய்க்கு மருந்திட்டால் புண் ஆறும். பற்கட்டில் ஒளிந்த பூஞ்சணம் மீண்டும் வாய்க்கு வரும். ஆகவே பற்கட்டை நீர் நிறைந்த பாத்திரத்தில் முழுக வைத்து, நுண்ணலை அடுப்பில் சில நிமிடம் சூடேற்றினர். 1990-களில் ஆஸ்திரேலியாவிலும், பின்னர் கனடா, பிரேஸில் நாடுகளிலும் நடந்த ஆய்வுகள் இதை ஆதரித்தன. நீர் எல்லாப் பக்கத்தையும் சூழ்ந்து நிற்பதால் குளிர்ந்த மூலைக்கு அங்கு இடமில்லை. துளையினுள்ளும் நீர் புகுகிறது. குறையும் இல்லாமல் இல்லை. திரும்பத் திரும்பச் செய்தால் அக்ரிலிக்கின் அளவு சிறிது மாறக்கூடும். உலோகச் சட்டமுடைய பற்கட்டை இவ்வாறு வைப்பது தகாது. வீட்டிலேயே தாமே சிறுநீர்க்குழாய் இட்டுக்கொள்ள வேண்டிய நோயாளிகளுக்கும் இவ்வழி ஆராயப்பட்டது. ஒவ்வொரு முறையும் புதுக்குழாய் வாங்க இயலாத ஏழைக்கு இது எத்தகைய உதவி என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அதனால்தான் இதை எளிதாகத் தள்ளிவிட மனம் வரவில்லை.

மருத்துவமனையின் அறுவைக்கூடத்திற்குள் மட்டும் நுண்ணலை அடுப்பு நுழையவில்லை. பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகப் பேராசிரியர் எர்ல் ஸ்பால்டிங் கருவிகளை மூவகையாகப் பிரித்திருந்தார். உடலின் உட்புறத் திசுவிலோ குருதியிலோ புகுவன முதல்வகை. வாய், தொண்டை போன்றவற்றின் மெல்லிய சவ்வைத் தொடுவன இரண்டாம் வகை. முழுத்தோலை மட்டும் தொடுவன மூன்றாம் வகை. முதல்வகைக்கு முழுமையான கிருமிநீக்கம் வேண்டும். அவ்வகைக் கருவிகளுட் பெரும்பாலானவை உலோகம்; நுண்ணலைக்கு ஒவ்வாதவை. அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2008-இல் வெளியிட்ட வழிகாட்டி, வீட்டு வகை அடுப்புகளில் ஆற்றல் சமமாகப் பரவாமற் போகலாம் என்றும், உலர்ந்த கருவியில் சில இடங்கள் தூய்மையுறாது விடுபடலாம் என்றும் எச்சரித்தது. கடுமையான தீர்ப்பாகத் தோன்றலாம். எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

மூன்றாம் வகையைப் பற்றித்தான் உலகம் அசட்டையாக இருந்தது. 2009-இல் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து எடுத்த காண்டிடா புதிய இனமென அறியப்பட்டது. காதுக்குரிய லத்தீன் பெயரால் அதனைக் ‘காண்டிடா ஆரிஸ்’ என்றனர். அது பல மருந்துகளுக்குக் கட்டுப்படாதது. பொருள்களின்மீது நெடுநாள் உயிரோடு தங்குவது. 2013-இல் டில்லி மருத்துவமனைகளிலும் அது காணப்பட்டதை ஆராய்ச்சியாளர் தெரிவித்தனர். 2015-க்கும் 2017-க்கும் இடையில் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவமனையொன்றில் 70 நோயாளிகளிடம் அது தோன்றியது. எழுவருக்கு உடலினுள்ளும் புகுந்தது. சுவர், கட்டில், காற்று எல்லாவற்றையும் சோதித்தனர். அகப்பட்டது ஓர் எளிய பொருள்: தீவிர சிகிச்சைப் பிரிவில் வெப்பநிலை அறிவதற்காக அக்குளில் வைத்து, துடைத்துவிட்டு அடுத்த நோயாளிக்குப் பயன்படுத்திய உணர்கருவி. தோலை மட்டும் தொடும் கருவி. ஆகவே துடைத்தால் போதும் என்றிருந்தனர். அவ்வுணர்கருவிகளை நீக்கிய பின்னரே புதிய தொற்றுக்கள் குறைந்தன. அவற்றை நீராவியில் வைக்க முடியாது. உள்ளே கம்பியுள்ளதால் நுண்ணலையிலும் வைக்க முடியாது.

நுண்ணலை இன்று நம் நாட்டு மருத்துவ விதிகளில் இடம் பெற்றிருப்பது வேறொரு வாயில் வழியாக. 1998-இல் பிறப்பித்து 2016-இல் புதுக்கிய உயிர்மருத்துவக் கழிவு விதிகள், சிவப்புப் பையில் சேரும் குழாய்கள், கையுறைகள், ஊசி நீக்கிய சிரிஞ்சுகள் ஆகியவற்றை நீராவிக் கொப்பரையிலோ நுண்ணலை இயந்திரத்திலோ இட்டு, பின்னர் துண்டாக்க வேண்டும் என்கின்றன. இத்தகைய இயந்திரங்களில் கழிவை ஈரப்படுத்தி, கலக்கியபடியே சூடேற்றுவது வழக்கம். நீரும் சுழற்சியும் இங்கே குறையாமல் கிடைக்கின்றன. இயந்திரம் தன் கடமையைச் செய்கிறதா என்று அறிய, வலிய பாக்டீரிய வித்துக்களை உள்ளே வைத்து, அவை மடிந்தனவா என்று பார்க்க வேண்டும் என்பதும் விதி. பெரிய உலோகப் பொருள்களை அதில் இடலாகாது என்ற விலக்கும் அவ்விதிகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது.